எண்ணெயா, மெழுகா, கிரீஸா, உலர்ந்த காற்றா? துப்பாக்கிக்கும் கத்திக்கும் ஏற்ற துருக்காப்பு

துருவைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வரும் கேள்வி, “எந்த எண்ணெய் நல்லது?” பொதுவாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. தினமும் இடுப்பில் தொங்கும் கத்தியை நன்றாகக் காப்பாற்றும் எண்ணெய், ஓராண்டு பெட்டியில் கிடக்கப்போகும் துப்பாக்கியைக் கைவிட்டுவிடும். ஓராண்டு காப்பாற்றும் கிரீஸைப் பூசிக்கொண்டு எந்தக் கருவியையும் தினமும் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான்: இந்தப் பொருளை மறுபடி எப்போது கையில் எடுத்துப் பார்க்கப்போகிறோம்? நாளையா, அடுத்த மாதமா, அடுத்த ஆண்டா? அது தெளிவானால் பாதித் தேர்வு முடிந்துவிடும். மீதிப் பாதி, அந்த இடம் எதோடு உராயும், உணவோ நைலான் கயிறோ அதில் படுமா என்பதைப் பொறுத்தது.

உப்பு இருக்கும்வரை எதைப் பூசியும் பலனில்லை

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். நீர் என்றால் நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போதே எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அரிப்பு நடக்கும் அளவுக்குத் தடித்துவிடுகிறது. இது சுத்தமான எஃகின் கணக்கு. உப்புப் படிந்த எஃகின் கணக்கு வேறு. ஒவ்வோர் உப்பும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சாதாரண உப்புக்கு அந்த எல்லை 75 சதவீதம். கடல்நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம்தான். கடலில் நனைந்த கத்தியைத் துணியால் துடைத்து, 40 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் வைத்தாலும் அதன் மேல் உப்புநீர் இருந்துகொண்டேயிருக்கும். கருமருந்து சுட்ட குழலில் தங்கும் பொட்டாசியம் கார்பனேட்டுக்கு எல்லை 43 சதவீதம். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஒருவர் தொட்ட இடத்தில் அவருடைய விரல்ரேகையே துருவாக எழுந்து நிற்பது அதனால்தான்.

எண்ணெய் உப்பைக் கரைக்காது. மண்ணெண்ணெய், பெட்ரோல் வகைக் கரைப்பான்கள் எதுவும் கரைக்காது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பும் ஈரமும் எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக இருக்கும். உப்பை நீக்க நீர்தான் வேண்டும். துருவுக்குப் பயந்து எஃகில் நீரே படக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

வியர்வை பட்ட உலோகத்தை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணி. பிறகு நீரை விலக்கும் ஸ்ப்ரே. பத்து நிமிடம் விட்டுத் துடைத்தபின்தான் காப்புப் பூச்சு. துப்பாக்கியாக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தோட்டாக்களை நீக்கி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுடும்போது அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழல் முழுக்கப் படியும். வழக்கமான துப்பாக்கிக் கரைப்பானால் துடைத்து, துணி வெள்ளையாக வந்துவிட்டது என்று வைத்தால், ஈரமான காலத்தில் சில நாளிலேயே குழலுக்குள் துரு தெரியும். சரியான முறை, தோட்டா அறைப் பக்கத்திலிருந்து அரை லிட்டர் வெந்நீரைக் குழல் வழியே விடுவது. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகப்பையும், வாயுவால் இயங்கும் துப்பாக்கியென்றால் பிஸ்டனையும் வாயுக்குழாயையும் சேர்த்துக் கழுவ வேண்டும். வெந்நீர் எஃகைச் சூடாக்குவதால் மீந்த ஈரம் தானே காய்ந்துவிடும். அம்மோனியா கலந்த திரவங்கள் இந்த உப்பை “முறிக்கும்” என்று சொல்வதுண்டு. அவற்றில் வேலை செய்வது கலந்திருக்கும் நீர்தான்.

மெல்லிய எண்ணெய்: வாரந்தோறும் கையில் எடுப்பதற்கு

எண்ணெயின் பலம் இடுக்குகளுக்குள் போவது. திருகின் மரை, விசைக்குழு, மடக்குக் கத்தியின் அச்சு ஆகியவற்றுக்குள் மெழுகு போகாது. எண்ணெய் தானே ஊர்ந்து போகும். சிறு கீறல் விழுந்தால் சுற்றியுள்ள எண்ணெய் நகர்ந்து வந்து மூடும். அந்த நகரும் குணமே அதன் பலவீனமும். நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் மேல் பாதி எண்ணெய் மெல்லக் கீழே இறங்கிவிடும். கை பட்டால் கையோடு வரும். உறை பட்டால் உறையோடு போகும். ஈரமான பருவத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதுதான். அப்படிச் செய்கிறவருக்கு எண்ணெயைவிட எளிய வழி வேறு இல்லை.

அளவு மிகக் குறைவு. உள்ளங்கையளவு பருத்தித் துணியில் நான்கைந்து துளி விட்டுக் கசக்கினால், நீளத் துப்பாக்கி ஒன்றின் வெளி உலோகம் முழுவதற்கும் போதும். தொட்டால் வழவழப்பு தெரிய வேண்டும், ஒழுகக்கூடாது. அதிகமானால் மூன்று கெடுதல்கள். தூசியும் மணலும் ஒட்டி அரைக்கும். எண்ணெய் பின்பக்கமாக வழிந்து கட்டைக்குள் இறங்கினால், போல்ட்டுக்குப் பின்னாலுள்ள மரம் கறுத்து மெத்தென்றாகிவிடும். எண்ணெயிட்ட துப்பாக்கியை முதல் ஒரு நாள் வாய்ப்பக்கம் கீழாக நிறுத்தும் பழக்கம் இதற்காகத்தான். மூன்றாவது, தோட்டாவுக்குப் போகும் எண்ணெய் பிரைமருக்குள் ஊறிச் சுடாமல் போகச் செய்யும். தோட்டாவுக்கு ஒருபோதும் எண்ணெய் பூசக்கூடாது.

டபிள்யூடி-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகமாக எல்லார் வீட்டிலும் இருப்பது அதுதான். பெயரே வேலையைச் சொல்கிறது: நீரை இடம்பெயர்ப்பதற்கான 40-ஆவது கலவை, 1953-இல் உருவானது. நனைந்த பூட்டு, மழையில் நனைந்த துப்பாக்கி, கழுவிய தூண்டில் உருளை ஆகியவற்றிலிருந்து நீரை வெளியே தள்ள அது மிக நன்றாக உதவும். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். மிஞ்சும் படலம் மிக மெல்லியது. அதை அடித்துவிட்டுப் பெட்டியில் வைத்தால் காப்பு சில வாரங்களுக்குமேல் நிற்காது. அந்த நிறுவனமே நீண்டகாலத் துருத்தடுப்புக்கென்று தனியாக இன்னொரு பொருளை விற்கிறது. இதைக் காப்புப் பூச்சுக்கு முந்தைய படியாக வைத்துக்கொள்வதே நல்லது.

சுத்தம், வழுக்கல், காப்பு மூன்றையும் ஒரே திரவத்தில் தரும் சிஎல்பி வகைகள் அடிக்கடி சுடுகிறவருக்கு வசதி. மூன்றிலும் நடுத்தரம் என்பதை ஒப்புக்கொண்டு வாங்கினால் ஏமாற்றமில்லை. பாலிஸ்டால் என்ற எண்ணெயின் தனித்தன்மை, அது நீரோடு கலந்து பால்போலாகும். அதனால் கருமருந்துக் கரியைக் கழுவவும் பிறகு காக்கவும் ஒரே புட்டி போதும். சமையல் எண்ணெய்களை உலோகத்தில் பூசிச் சேமிக்க வேண்டாம். பல தாவர எண்ணெய்கள் காற்றுபட்டுக் கெட்டியாகிப் பிசினாகும், மடக்குக் கத்தி திறக்கவே அடம்பிடிக்கும். ஜப்பானில் கருவிகளுக்குப் பூசும் கமேலியா எண்ணெய் எளிதில் உலராத வகை என்பதால் விதிவிலக்கு. உணவு நறுக்கும் கத்திக்கு மணமற்ற, உணவுத்தர மினரல் ஆயில் போதும். கெட்டுப்போகாது, சிக்குவாடை வராது.

புட்டிகளின் மேல் அச்சிடப்படும் “இத்தனை மணிநேரம்” என்ற எண்களை நம்பி ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எண்கள் பெரும்பாலும் உப்புப்பனிச் சோதனையில் வருபவை: ஏஎஸ்டிஎம் பி117 என்ற தரச்சோதனை முறைப்படி 5 சதவீத உப்புநீரை 35 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து தெளிப்பார்கள். அங்கே தகட்டை யாரும் தொடுவதில்லை, உறைக்குள் நுழைப்பதில்லை. தடித்த பிசுபிசுப்பான பூச்சு எப்போதும் வெல்லும். கையில் பிடித்தால் முதலில் கழன்று போவதும் அதுவாக இருக்கலாம். வீட்டிலேயே ஒப்பிட விரும்பினால் பளபளப்பாகத் தேய்த்த சாதா எஃகுத் தகடுகளைக் கொழுப்பு நீக்கிப் பூசி, ஒரு நாள் விட்டு, ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் பத்துமுறை துடைத்தபின் லிட்டருக்கு 50 கிராம் உப்பு கலந்த நீரைத் தெளியுங்கள். துடைப்புக்குப் பின் மிஞ்சுவதுதான் நமக்குப் பயன்படும் காப்பு. பூசாத தகடு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையும் ஒப்பிட முடியாது.

மெழுகு: கை படும் வெளிப்புறத்துக்கு

கை பட்டுக்கொண்டேயிருந்தும் மாதக்கணக்கில் மறுபூச்சு இல்லாமல் இருக்க வேண்டிய வெளிப்புறத்துக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு எண்ணெயைவிட மேல். அருங்காட்சியகங்கள் வாள்களுக்கும் பழைய துப்பாக்கிகளுக்கும் பூசுவது இதைத்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரினைசான்ஸ் மெழுகு இவ்வகையில் பெயர்பெற்றது. காய்ந்தால் உலர்ந்த படலம். துணியில் ஒட்டாது, தூசி பிடிக்காது, விரல்ரேகை உலோகம்வரை போகாது.

பூசுவதில்தான் பலர் பிசகுகிறார்கள். எண்ணெய் மீந்த பரப்பில் மெழுகு பிடிக்காது. ஸ்பிரிட் நனைத்த துணியால் கொழுப்பைத் துடைத்தெடுங்கள். உலோகம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் மெழுகு நுண்துளைகளுக்குள் நன்றாக இறங்கும். குளிர்ந்த நாளில் தலைமுடி உலர்த்தும் கருவியால் சற்றுச் சூடாக்கலாம். விரல்நுனியளவு மெழுகை மிக மெல்லியதாகத் தேய்த்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, மென்மையான துணியால் மெருகேற்றி, ஒரு மணிநேரம் கழித்து இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடிப்பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. தடித்தது வெள்ளை வெள்ளையாகத் திட்டுப்போடும்.

மெழுகுக்கு இரண்டு குறைகள். கீறல் விழுந்தால் எண்ணெயைப்போல் தானே மூடிக்கொள்ளாது. சூட்டில் இளகும், ஆகவே தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறினால் மறுபடி பூச வேண்டும். குழலின் உட்புறத்துக்கும் இயங்கும் பாகங்களுக்கும் மெழுகு ஏற்றதல்ல, அங்கே எண்ணெய்தான்.

மெழுகு மிக நன்றாக உதவும் இடம் கண்ணில் படாத இடம். மரக்கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. மழைநீர் மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே இறங்கி அங்கேயே தங்கும். வெளியே கண்ணாடிபோல் மின்னும் துப்பாக்கியின் கட்டையைக் கழற்றினால் அடியில் குழிகுழியாகத் துரு. கட்டையைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் அந்த அடிப்பக்கத்துக்கு இரண்டு பூச்சு மெழுகு போட்டுவிட்டால் நீண்டநாள் கவலையில்லை. அங்கே எண்ணெய் பூசினால் மரம்தான் அதைக் குடிக்கும்.

கிரீஸும் கம்பளிக் கொழுப்பும்: நெடுநாள் சேமிப்புக்கும் கடலுக்கும்

ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைக்க வேண்டுமென்றால் தடித்த படலம் வேண்டும். படைகள் துப்பாக்கிகளைக் காஸ்மோலின் என்ற தடித்த பெட்ரோலியக் கிரீஸில் மூழ்கவைத்துப் பல பத்தாண்டுகள் சேமித்ததன் ரகசியம் இதுதான். மிகப் பாதுகாப்பான வழி. மிக எரிச்சலூட்டும் வழியும்கூட. வெளியே எடுத்தால் மண்ணெண்ணெயும் வெந்நீரும் பிரஷுமாக அரைநாள் போகும், மரத்துக்குள் இறங்கியது பின்னும் வெயிலில் கசியும். ஐந்தாண்டுக்குக் குறைந்த சேமிப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

குழலுக்குள் கிரீஸோ தடித்த எண்ணெயோ பூசி வைத்தால், சுடுவதற்கு முன் உலர்ந்த துணித்துண்டை முழுநீளமும் விட்டு எடுத்தே ஆக வேண்டும். உள்ளே அடைப்பு இருக்கச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். மறதிக்கு இடம்கொடுக்காமல், “குழலில் கிரீஸ்” என்று எழுதிய சீட்டை விசைக்காப்பில் கட்டிவிடுங்கள்.

ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் வேறு ரகம். ஈரமான பரப்பிலும் பிடித்துக்கொள்ளும், உப்புநீர் அடித்தாலும் எளிதில் கழுவிப் போகாது. படகில் தங்கும் கருவிகள், நங்கூரத் திருகு, இடுக்கி, தூண்டில் உருளையின் வெளித்திருகுகள் என்று கடலைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். பிசுபிசுப்பும் லேசான ஆட்டுவாடையும் உண்டு. கைப்பிடியில் பூசவே கூடாது.

பூசாமலே காப்பது: ஆவித்தடுப்பான்

விசிஐ எனப்படும் ஆவித்தடுப்பான் காகிதமாக, பையாக, சிறு டப்பாவாகக் கிடைக்கிறது. அதிலிருந்து மெல்ல வெளிப்படும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து அரிப்பை நிறுத்துகிறது. பூச்சு எட்டாத உள்ளறைகளுக்கும் ஆவி போய்ச்சேரும். திறந்து எடுத்தவுடன் துடைக்காமலே பயன்படுத்தலாம்.

நிபந்தனைகள் கண்டிப்பானவை. மூடிய இடமாக இருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள அலமாரியில் ஆவி வீணாகப் போய்விடும். காகிதமென்றால் மருந்து தடவிய பக்கம் உலோகத்தைப் பார்க்க வேண்டும், ஓரடிக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது. தடித்த கிரீஸ் இருந்தால் ஆவி எஃகை எட்டாது, இரண்டையும் சேர்ப்பதில் பயனில்லை. பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துபோகும். வைத்த தேதியை மேலே எழுதுங்கள். எஃகுக்கென்று செய்த சில வகைகள் செம்பையும் துத்தநாகத்தையும் கெடுக்கலாம் என்பதால், பித்தளைப் பாகமுள்ள கத்திக்கோ தோட்டாக்களோடு சேர்த்தோ வைக்குமுன் எல்லா உலோகத்துக்கும் ஏற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஓரிரு ஆண்டுவரை பெட்டியில் கிடக்கும் பொருளுக்கு, பல உள்ளறைகள் கொண்ட துப்பாக்கிக்கு முக்கியமாக, மெல்லிய எண்ணெயும் ஆவித்தடுப்பான் பையும் சேர்ந்த ஏற்பாடு எங்கள் கணிப்பில் கிரீஸைவிட நல்லது.

காற்றை உலர்த்துவது: கணக்குப் போட்டு முடிவுசெய்ய வேண்டியது

அலமாரிக்குள் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் சுத்தமான எஃகுக்கு ஆபத்தில்லை. 35-க்குக் கீழே கொண்டுபோனால் மரக்கட்டை சுருங்கி வெடிக்கத் தொடங்கும். அளக்காமல் இதைச் செய்ய முடியாது. ஈரப்பதமானியைச் சரிபார்க்க முன்னே சொன்ன 75 சதவீதமே உதவும்: ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்துச் சேறுபோல் குழையும் அளவுக்கு மட்டும் சொட்டுச்சொட்டாக நீர் விட்டு, கருவியோடு காற்றுப்புகாத பையில் 12 மணிநேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்தக் கருவியின் எண்ணோடு 5 கூட்டிப் படியுங்கள்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லின் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 300 லிட்டர் அலமாரியில் 7 கிராம். அதை 45 சதவீதத்துக்கு இறக்க 3 கிராம் நீரை எடுத்தால் போதும். அந்த ஈரப்பதத்தில் ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைத் தாங்கும், ஆகவே அரைக்கிலோ ஜெல் 100 கிராம் பிடிக்கும். அலமாரியை முப்பதுமுறை திறந்து மூட அது ஈடுகொடுக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் இரண்டு வாரத்திலேயே ஜெல் தீர்ந்துபோகிறது. காரணம், கதவிடுக்கில் இரவும் பகலும் காற்று மாறிக்கொண்டேயிருக்கிறது. உள்ளேயிருக்கும் துணி, மரம், காகிதம் எல்லாம் தம் ஈரத்தை விடுகின்றன. ஜெல்லைக் கூட்டுவதைவிடக் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டுவதும், உள்ளேயிருக்கும் அட்டைப்பெட்டிகளை வெளியே எடுப்பதும் அதிகம் உதவும்.

ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணிநேரம் உலர்த்தினால் மறுபடி பயன்படும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நச்சு. ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். டப்பாவின் அடியில் நீர் சேரும் கால்சியம் குளோரைடு வகையை எஃகு இருக்கும் அலமாரிக்குள் வைக்கவே கூடாது. சேர்வது வெறும் நீரல்ல, அடர்ந்த குளோரைடுக் கரைசல். ஒருமுறை கவிழ்ந்தால் அது தடுத்த துருவைவிடப் பலமடங்கு துருவை ஒரே வாரத்தில் கொண்டுவரும்.

அலமாரிக்குள் வைக்கும் மின்சார வெப்பக்கோல் நீரை எடுப்பதில்லை. காற்றைச் சற்றுச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அதுவே போதும்: 25 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் காற்று 28 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் ஏறத்தாழ 59-க்கு இறங்கிவிடும். மின்சாரம் இருக்கும்வரை தானே வேலை செய்யும், இடுக்குள்ள அலமாரியிலும் பலன் தரும். அடித்தட்டில் படுக்கைவசமாக வைக்க வேண்டும். வெளியே 85, 90 சதவீதம் என்று நீடிக்கும் இடத்தில் இந்த மூன்று டிகிரி போதாது; அங்கே அறைக்கே ஈரநீக்கி வைப்பதுதான் வழி. நன்றாக மூடும் சிறு பெட்டிக்கு ஜெல், இடுக்குள்ள பெரிய அலமாரிக்கு வெப்பக்கோல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எந்த ஏற்பாட்டையும் தோற்கடிக்கும் ஒன்று வியர்ப்பு. வெளியே 30 டிகிரி, 75 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி. 22 டிகிரிக் குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவரும் துப்பாக்கி குளிர்பானப் புட்டிபோல் நனையும், குழலின் உட்புறமும் சேர்த்து. குளிர்நாட்டில் இது தலைகீழாக, வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது நடக்கும். உறையை மூடியபடியே இரண்டு மணிநேரம் விட்டு, உலோகம் அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். பிறகு உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். உள்ளே பஞ்சு நுரை போட்ட உறை பயணத்துக்கு மட்டும்தான். அந்த நுரை ஈரத்தைப் பிடித்து வைத்து, உலோகம் தொடும் இடத்திலேயே கொடுக்கும்.

வாங்கும்போதே தேர்வது: எஃகும் மேற்பூச்சும்

ப்ளூயிங் அழகானது, துருக்காப்பாக அது பலவீனம். ஏறத்தாழ 140 டிகிரியில் கொதிக்கும் காரக் கரைசலில் எஃகின் மேற்பரப்பைக் கறுப்பு இரும்பு ஆக்சைடாக்குவது அது; எண்ணெயைப் பிடித்துவைக்கும் என்பதே அதன் பெரிய உதவி. பார்க்கரைசிங் எனப்படும் பாஸ்பேட் பூச்சு சொரசொரப்பானது, எண்ணெயை இன்னும் அதிகம் பிடிக்கும். ஈரத்தில் உழைக்கும் துப்பாக்கிக்கு ப்ளூயிங்கைவிட இது மேல், ஆனால் எண்ணெயில்லாமல் உலர்ந்தால் இதுவும் துருவேறும். உப்புக்குளியல் நைட்ரைடிங் எஃகின் மேற்தோலையே மாற்றுவதால் உரியாது, குழலின் உட்புறத்தையும் சேர்த்துக் காக்கும். செராகோட் போன்ற பீங்கான்-பாலிமர் பூச்சு கீறாதவரை மிகச் சிறந்த தடுப்பு. பராமரிப்பில் சோம்பல் உள்ளவர் நைட்ரைடிங்கோ செராகோட்டோ செய்ததை வாங்குவது நல்லது.

“ஸ்டெயின்லெஸ்” என்ற சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். துப்பாக்கிக் குழல்களில் வழங்கும் 416 வகையில் கடைசல் எளிதாவதற்காகக் கந்தகம் சேர்க்கிறார்கள். அதனாலேயே அது கடற்காற்றில் புள்ளிபுள்ளியாகத் துருவேறும். ஸ்டெயின்லெஸ் துப்பாக்கியிலும் சுருள்வில், பின், திருகு பல சாதா எஃகுதான்.

கத்தியில் எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது இன்னும் முக்கியம். டி2 எஃகில் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் உண்டு, ஆனால் ஒன்றரைச் சதவீதக் கார்பனோடு சேர்ந்து பெரும்பகுதி கார்பைடு என்ற கடினத் துகளாகிவிடுவதால், மேற்பரப்பில் குரோமியம் உருவாக்கும் காப்புப்படலத்துக்குப் போதாமல் துருவேறும். மேக்னாகட் எஃகில் 10.7 சதவீதமே குரோமியம். ஆனால் அது கார்பைடாகக் கட்டுண்டு போகாமல் இருக்கும்படி அமைத்திருப்பதால் டி2-வைவிட மிக நன்றாகத் தாங்குகிறது. கார்பனுக்குப் பதில் நைட்ரஜனை நம்பும் எச்1, எல்சி200என் ஆகியவை கடலுக்கே உரியவை. 1095 போன்ற சாதா கார்பன் எஃகு நன்றாகக் கூராகும், எளிதில் சாணை பிடிக்கலாம், ஓர் இரவிலேயே துருவும் பிடிக்கும்.

கறுப்புப் பூச்சு உள்ள கத்தியிலும் வெட்டும் விளிம்பு வெறும் எஃகுதான். சாணை பிடித்தபின் அந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய் வேண்டும். கண்ணுக்குத் தெரியுமுன்னே துரு கூர்முனையைத் தின்றுவிடும், வெட்டாமல் வைத்த கத்தி மழுங்கியிருப்பதற்கு அடிக்கடி இதுவே காரணம். கார்பன் எஃகுக்கு வினிகரால் சாம்பல்நிறப் படிவம் ஏற்றலாம்: கொழுப்பு நீக்கிய அலகை வெதுவெதுப்பான வினிகரில் 20, 30 நிமிடம் வைத்து, சோப்பு நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெயிட வேண்டும். அது துருவின் வேகத்தைக் குறைக்கும், எண்ணெய்க்கு மாற்றாகாது. தோலுறைக்குள் கத்தியைச் சேமிக்க வேண்டாம், தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்புகளையும் வைத்திருக்கும். உறையை ஒரு கொக்கியிலும் கத்தியை இன்னோர் இடத்திலும் வையுங்கள்.

வெளிப்புறச் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல நீரில் கழுவி முழுதாக உலர்த்துவதே போதும். அலுமினியக் கூடாரக் கம்பிக்கும் காரபைனர் என்ற கயிற்றுக் கொக்கிக்கும் சிவப்புத் துரு வராது, உப்பு பட்டால் வெள்ளையாக அரிக்கும். காரபைனரின் கீலுக்கு உலர்வகை மெழுகுத் திரவம் போட்டு மீதத்தைத் துடைத்துவிடுங்கள். கரைப்பானோ எண்ணெயோ கயிற்றிலும் இடுப்புப் பட்டையிலும் படக்கூடாது. கோடரித் தலைக்கு மெழுகு, மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ நீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

சேர்த்துப் பார்த்தால் தேர்வு இப்படி அமையும். தினமும் எடுப்பதற்கு மெல்லிய எண்ணெய், வேறொன்றும் வேண்டாம். பருவத்துக்குப் பருவம் எடுக்கும் துப்பாக்கிக்கு வெளியே மெழுகு, உள்ளே எண்ணெய், அலமாரியில் வெப்பக்கோலோ ஜெல்லோ. ஆறு மாதம் முதல் ஓரிரு ஆண்டுவரை தொடாததற்கு மெல்லிய எண்ணெயும் ஆவித்தடுப்பான் பையும். கடலுக்கு நல்லநீர்க் கழுவலும் லானோலினும்.

இவ்வளவுக்கும் பிறகு ஆரஞ்சுநிறப் புள்ளி தெரிந்தால், ப்ளூயிங் செய்த பரப்பில் மிக நுண்ணிய 0000 எண் எஃகுப்பஞ்சை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் சிறு வட்டமாகத் தேயுங்கள். துரு வரும், கறுப்பு நிற்கும். வினிகரும் பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கிகளும் துருவோடு ப்ளூயிங்கையும் கரைத்து வெள்ளெஃகை விட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் பரப்பில் எஃகுப்பஞ்சை எடுக்காதீர்கள், அதன் துகள்களே அங்கே தங்கித் துருவேறும். நைலான் தேய்ப்பான் போதும். மாதம் ஒருமுறை பார்க்கும்போது பளபளக்கும் பக்கங்களை விட்டுவிட்டு முதலில் திருகின் தலைப்பிளவு, குறிக்கருவியின் அடி, மரமும் உலோகமும் சந்திக்கும் கோடு, கத்தியில் பிடிக்குள் அலகு நுழையும் இடம் ஆகியவற்றை விளக்கொளியில் பாருங்கள்.